ஐம்பதில் பதினேழு

படத்தை யார் கொண்டுவந்து நீட்டினாலும் புஷ்பவல்லி முதலில் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. வாங்கியதும் கவிழ்த்துப் போடுகிறாள். பின்பலகையில் அறைந்த ஆணி துருவேறியிருக்கிறதா, பழுப்புத்தாளுக்கு அடியில் பூச்சி ஓடிய தடம் தெரிகிறதா, பலகை தேக்கா அல்லது சவுக்காரப் பெட்டியை உடைத்துப் போட்டதா என்று விரலால் தடவிப் பார்க்கிறாள். பிறகு மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவை மோந்து பார்க்கிறாள்.

"சமையக்கட்டுச் சொவத்துல மாட்டியிருந்தீங்களா?"

வந்தவர் திகைக்கிறார். சமையலறைக்கு இந்தப் பக்கத்துச் சுவர்தான் என்று ஒப்புக்கொள்கிறார்.

"எண்ண வாசன அடிக்குது. படத்துக்கு எண்ணப் பொகை ஆகாது. சாமி படமா இருந்தாலும் ஆகாது" என்று சொல்லிவிட்டுத்தான் படத்தை நிமிர்த்துகிறாள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகளுக்கு எதிரே உள்ள கடைவரிசையில், ஒரு தையற்காரருக்கும் ஒரு சைக்கிள் கடைக்கும் நடுவே இருக்கிறது அவளுடைய சட்டக்கடை. வாசலில் முருகனும் லெட்சுமியும் கல்யாண ஜோடிகளும் கண்ணாடிக்குள் வரிசையாக நிற்பார்கள். சோறு போடுவது அவர்கள்தான். புஷ்பவல்லிக்கு வயது நாற்பத்து நான்கு. பருத்த கைகள், விரல் நுனியெல்லாம் கண்ணாடி கீறிய வெள்ளைத் தழும்புகள். இடுப்பில் ஒரு சுருக்குப்பை தொங்கும். வெற்றிலைக்காக இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். உள்ளே இருப்பது கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடி. பசை காய்ச்சும்போது மாவில் மயில்துத்தம் கலப்பாள். அதனால் கட்டை விரல் எப்போதும் கொஞ்சம் நீலமாக இருக்கும்.

கடைக்கு உள்ளறையில், ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டிகள் மூன்று. பூச்சி ஏறாத அந்தப் பெட்டிகளுக்குள் இருபத்து மூன்று படங்கள். ஒன்றில்கூட சாமி இல்லை, மனிதர் இல்லை, பூ இல்லை. புகைபோக்கிகள் இருக்கின்றன. மழையில் நனையும் ஆலைச் சுவர்கள், கரி இறக்கும் படகுத்துறை, ஒரே மாதிரி ஓடு வேய்ந்த தொழிலாளர் வீடுகளின் முடிவில்லாத வரிசை, இரும்பு உருக்கும் பட்டறையின் சிவந்த வாய் என்று சீமையின் தொழில் நகரங்கள் இருக்கின்றன. சிவப்பு என்பது நாம் நினைத்துக்கொள்வதுதான். படம் முழுக்கக் கறுப்பு மையில் போட்டது.

இவை பேனாவால் வரைந்தவையும் அல்ல, பத்திரிகையில் வருவதுபோல ஆயிரக்கணக்கில் அடித்தவையும் அல்ல. ஓவியன் ஒரு செப்புத் தகட்டில் ஊசியால் கீறுவான். கீறலில் மையை நிரப்பி, ஈரத்தாளை மேலே வைத்து உருளையில் அழுத்துவான். ஐம்பதோ அறுபதோ எடுத்தபின் தகட்டின் குறுக்கே கோடு இழுத்து அதை ஒழித்துவிடுவான். ஒவ்வொரு தாளின் அடியிலும் பென்சிலால் தன் பெயரையும், ஐம்பதில் இது எத்தனையாவது என்ற எண்ணையும் போடுவான். அந்த எண் இருக்கும்வரைதான் விலை. புஷ்பவல்லி இவற்றைத் 'தகட்டுப் படம்' என்பாள். இங்கிலீஷ் எழுத்துகளில் எண்களை மட்டும் அறிவாள். ஓவியர்களின் கையெழுத்துகளை அவள் படிப்பதில்லை, முகங்களைப் போல அடையாளம் வைத்துக்கொள்கிறாள். "இது கொக்கி போட்ட ஆளு. இது கடைசில தேள் வாலு மாதிரி தூக்கி விடுற ஆளு" என்பாள்.

இந்த அறிவு வந்த வழியை அவளே சொல்வாள், ஒளிக்க மாட்டாள். கடை போட்ட புதிதில் ஒரு வெள்ளைக்கார மெம் கொடுத்த படம் சட்டத்தில் அடங்கவில்லை. நாலு பக்கமும் வெள்ளையாக வீணாகக் கிடக்கிறதே என்று ஓரங்களை நறுக்கி அழகாகப் பொருத்திக் கொடுத்தாள். மெம் படத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. குப்பைக் கூடையைக் கொண்டுவரச் சொல்லி, நறுக்கிப்போட்ட துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டார். எண்ணும் கையெழுத்தும் அந்தத் துண்டில் இருந்தன. தகட்டின் விளிம்பு தாளில் பதித்திருந்த மெல்லிய பள்ளமும் அதில்தான் இருந்தது.

"நான் வெட்டி எறிஞ்சதுலதான்யா வெலயே இருந்துச்சு" என்று சொல்லிப் புஷ்பவல்லி இன்றும் தலையில் தட்டிக்கொள்வாள். அன்றிலிருந்து எந்தப் படம் கைக்கு வந்தாலும் சட்டத்தைக் கழற்றி, வெயிலில் சாய்த்து, கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பதினைந்து வருடங்களில் கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வந்த படங்கள் எல்லாம் அவள் கையில் திறந்து மூடின. தாளில் பதிந்த பள்ளத்தை 'வரப்பு' என்று அழைத்தாள். ஊசி கீறும்போது செம்பு இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்குமே, அதில் மை சிக்கி வெல்வெட்டு மாதிரி ஒரு கறுப்பு வரும். அதற்குப் 'பிசிறு' என்று பெயர் வைத்தாள். பிசிறு சீக்கிரம் தேய்ந்துவிடும். முதலில் எடுத்த தாள்களில்தான் செழிப்பாக இருக்கும்.

"நம்பர நம்பாதீங்க, பிசிற நம்புங்க. மூணாவதும் முப்பதாவதும் ஒண்ணுதான்னு ஒருத்தன் சொன்னா, அவன் படம் வாங்க வேணாம், மொதல்ல கண்ணாடி வாங்கட்டும்" என்பாள்.

ஏன் புகைபோக்கிகள்? இந்தக் கேள்வியை அவள் புருஷன் வேலாயுதம் கேட்காத நாள் கிடையாது. செந்தூல் ரயில் பட்டறையில் கொதிகலன் பிட்டர் அவர். "நான் நாள் பூரா பொகையில நிக்கிறேன். வீட்டுக்கு வந்தா நீ பொகைய வாங்கிப் பொட்டியில வச்சிருக்கே" என்பார்.

"மலையும் ஆறும் தானா அழகு. அத எவனும் போடுவான். பொகைய ஒருத்தன் அழகாப் போடுறான்னா அவன் கையில என்னமோ இருக்கு" என்பது அவளுடைய பதில்.

ஆனாலும் வேலாயுதம் ஒவ்வொரு படத்தையும் உற்றுப் பார்ப்பார். ஆலை எதை அரைக்கிறது, பாரந்தூக்கி எந்தப் பக்கம் திரும்பும் என்றெல்லாம் அவர்தான் அவளுக்குச் சொன்னது. அவளுக்கு உயிரான படத்தில் பீப்பாய் மாதிரி வானத்தை அடைத்துக்கொண்டு நிற்பது ஒரு எரிவாயுத் தொட்டி என்று சொன்னதும் அவர்தான். "ராத்திரி வாயு நெறைஞ்சா மேல ஏறும், வெளக்கெல்லாம் எரிஞ்சா கீழ எறங்கும். ஊரே மூச்சு விடுற மாதிரி" என்றார். அதற்குப் பிறகு அந்தப் படம் அவளுக்கு இன்னும் பிடித்துப்போனது.

அந்த எரிவாயுத் தொட்டிப் படத்தை அவள் வாங்கியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருடம், போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில். கப்பலில் சாமான் பொறுப்பு பார்த்த ஒரு வெள்ளைக்காரன் விற்றான். முப்பத்தெட்டு வெள்ளி. வேலாயுதம் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஐம்பதில் பதினேழு என்று பென்சிலில் எண், தேள்வால் கையெழுத்து, பின்பக்கம் லண்டன் கடையின் முத்திரைச் சீட்டு ஒட்டி நாலு பக்கமும் இறுக்கமாக மூடிய தாள். வந்த படத்தையெல்லாம் கழற்றிப் பார்க்கிறவள் இந்த ஒன்றை மட்டும் கழற்றவில்லை. முத்திரை கிழிந்தால் விலை குறையும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். பெட்டியிலும் வைக்கவில்லை. வேலை மேசைக்கு மேலே மாட்டினாள்.

ஊரில் இந்தப் படத்தைப் பற்றித் தனிப் பேச்சே இருந்தது. வட்டிக்கடை கண்ணப்பன் செட்டியார் இதைக் கேட்டு நான்கு முறை வந்திருக்கிறார். இந்தியாவில் தன் சொந்த ஊரில் புது வீடு எழுப்பிக்கொண்டிருந்தார். முகப்புச் சுவருக்கு எல்லாரும் மாட்டுகிற ராஜா ராணி படம் வேண்டாம், தகட்டுப் படம்தான் வேண்டும் என்று பித்துப் பிடித்திருந்தவர். கடைசியாக நூறு வெள்ளி வரை போனார். "விக்கிறதுக்கு இல்லீங்க ஐயா" என்று புஷ்பவல்லி சொல்லிவிட்டாள்.

முப்பத்தோராம் வருடம் ஈயத்தின் விலை விழுந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. வெள்ளைக்காரர்கள் கப்பலேறினார்கள், அவர்கள் வீட்டுச் சாமான்கள் லேலோங் என்கிற ஏலத்துக்கு வந்தன. அம்பாங்கில் குட்டையில் மிதந்து ஈயம் தோண்டும் கப்பலை ஓட்டிய ஒரு என்ஜினியரின் பங்களாவில் சனிக்கிழமை ஏலம் என்று தண்டோரா போட்டார்கள். சாமான் பட்டியலில் ஒன்பது தகட்டுப் படங்கள். செட்டியார் புஷ்பவல்லியைத் தன் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு முந்தின நாளே பார்வையிடப் போனார். எது மெய், எது என்ன பெறும் என்று சொல்வது அவள் வேலை.

பங்களா குன்றின் மேல் இருந்தது. கீழே வேலை நின்ற சுரங்கக் குட்டையில் தண்ணீர் பச்சையாகத் தேங்கிக் கிடந்தது. வராந்தாவில் மரப்பெட்டிகள். ஒரு பெட்டியின் மேல் என்ஜினியரின் மெம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் வீட்டுத் தட்டுகளைத் தெரியாதவர்கள் தட்டித் தட்டிப் பார்ப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்க்கடிகாரத்தின் வயிற்றைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தார் கிள்ளான் ராதாகிருஷ்ணன். லேலோங் எங்கே நடந்தாலும் குடையோடு வந்து நிற்கிற பழஞ்சாமான் வியாபாரி அவர்.

எட்டுப் படங்களை அவள் வரிசையாகப் பார்த்து முடித்தாள். ஆறு நல்லவை, இரண்டு தேய்ந்த தகட்டில் எடுத்தவை. ஒன்பதாவது படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். அதே எரிவாயுத் தொட்டி. அதே ஈரத் தெரு.

செட்டியார் குனிந்து எண்ணைப் படித்தார். காசுக்கணக்குப் பார்த்த கண், எண்ணைத் தவறவிடாது. "பதினேழு. ஏத்தா, ஒன்னோடதும் பதினேழுன்னுதானே சொன்னே?"

"ஆமாங்க ஐயா."

"அம்பது தாளுக்கு அம்பது நம்பர்னா, ஒரு நம்பர் ரெண்டு தாள்ல எப்புடித்தா வரும்?"

"வராதுங்க. ரெண்டுல ஒண்ணு பொய்."

"எது?"

சட்டத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று புஷ்பவல்லி ஏலக்காரரிடம் மலாயில் கேட்டாள். அவர் தயங்கி என்ஜினியரைப் பார்த்தார். மூலையில் நின்ற அந்த நெட்டை மனிதர் தலையை அசைத்தார். அவள் கத்தியால் ஆணிகளை நெம்பி, தாளை வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். புகையின் கறுப்பு தாளுக்கு மேலே எழும்பி நின்றது. வரப்பு நாலு பக்கமும் ஆழமாக ஓடியது. திருப்பினாள். முதுகில்கூடக் கோடுகளின் அழுத்தம் மெல்லத் தெரிந்தது. இத்தனை செழிப்பான பிசிறை அவள் இதுவரை பார்த்ததில்லை. தன் மேசைக்கு மேலே ஆறு வருடம் பார்த்தும் பார்த்ததில்லை.

தாளைப் பழையபடி பொருத்தினாள். அப்போது ஆணி ஒன்று இரண்டு தடவை கீழே விழுந்தது.

"இத மட்டும் பாத்துச் சொல்ல முடியாதுங்க ஐயா. என்னோடதையும் தொறந்து பாக்கணும். நாளைக்குச் சொல்றேன்."

கடிகாரத்திலிருந்து தலையை எடுத்த ராதாகிருஷ்ணன் சிரித்தார். "இதுல தொறந்து பாக்க என்னக்கா இருக்கு? ஒங்களோடது லண்டன் முத்திர போட்டது. இங்க இருக்கறதுதான் டூப்பு." உடனே ஏலக்காரரிடம் போய், "இனி பால்சு, துவான்" என்று மலாயில் உரக்கச் சொன்னார். இது போலி, ஐயா என்று அர்த்தம். சாமான் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்று போலி என்றால் மற்ற எட்டும் என்னவோ என்று ஒருவர் முணுமுணுத்தார். பெட்டி மேல் உட்கார்ந்திருந்த மெம்முக்கு மலாய் தெரியும் போலிருக்கிறது. எழுந்து உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் புஷ்பவல்லி படத்தை ஆணியிலிருந்து இறக்கி, பின்கட்டு வெயிலுக்குக் கொண்டுபோனாள். முத்திரைச் சீட்டின் நடுவே கத்தியை ஓட்டினாள். ஆறு வருடக் காற்று உள்ளிருந்து வந்தது. தாளை எடுத்து பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டாள். கோடுகள் கோடுகளாக இல்லை. ரவையைக் கொட்டியதுபோலப் பொடிப்பொடியாக உடைந்து நின்றன. யாரோ மெய்ப்படத்தைப் போட்டோ பிடித்து அச்சடித்து, அந்த எண்ணையும் கையெழுத்தையும் பார்த்துப் பென்சிலில் எழுதியிருக்கிறார்கள். வரப்பும் பிறகு அழுத்தியதுதான். தாளின் முதுகு மொழுமொழுவென்று இருந்தது. பார்க்கத் தெரிந்தவளுக்கு ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்தை அவள் ஆறு வருடமாகத் தள்ளிப் போட்டிருந்தாள்.

ஐந்து மணிச் சங்கு ஊதி வேலாயுதம் கரிபூசிய முகத்தோடு வந்தபோது, அவள் தரையில் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன புள்ள, யாரு செத்தா?"

"என் படம்."

அவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. பொய்யா இருக்கு." அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. "ஊர்ல உள்ள படத்தையெல்லாம் தொறந்து பாத்தேங்க. என் தல மேல தொங்குனத தொறக்கல."

வேலாயுதம் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "நாளைக்கு நீ போகாத. காய்ச்சல்னு செட்டியாருக்குச் சொல்லி அனுப்புறேன். லேலோங் முடிஞ்சா எல்லாம் முடிஞ்சுது. யாருக்குத் தெரியப்போவுது?"

"நான் போவலன்னா ராதாகிருஷ்ணன் அண்ணன் சொன்னதுதான் நிக்கும். மெய்யான படம் அஞ்சு வெள்ளிக்குப் போவும். அதையும் அவருதான் எடுப்பாரு. அந்த மெம் திருட்டுச் சாமான் வித்தவங்க மாதிரி தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கப்பல் ஏறணும். அது என்னால ஆவாதுங்க."

"செட்டியாரு இனிமே ஒன்ன நம்புவாரா?"

"நம்பாட்டிப் போறாரு. எனக்கே என் மேல நம்பிக்க வேணும்ல?"

வேலாயுதம் தாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "முப்பத்தெட்டு வெள்ளி" என்று மட்டும் சொன்னார். பிறகு, "நாளைக்கு அரை நாள் லீவு கேக்குறேன். நீ இதத் தூக்கிக்கிட்டு பஸ் ஏற முடியாது" என்றார்.

மறுநாள் பங்களா வராந்தாவில் முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். நாற்காலிகள் போயின, கிராமபோன் போனது. தகட்டுப் படங்களின் முறை வந்ததும் ஏலக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு புஷ்பவல்லியைப் பார்த்தார். அவள் நடுவே நடந்து வந்து, வேலாயுதம் பழைய சேலையில் சுற்றிக் கொண்டுவந்ததைப் பிரித்து, மேசையில் என்ஜினியரின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு எரிவாயுத் தொட்டிகளும் அடுத்தடுத்துக் கிடந்தன. ஒரே தெரு, ஒரே மழை, ஒரே எண்.

"துவானோடது மெய். என்னோடது பொய்" என்றாள். முதலில் தமிழில் சொன்னாள். பிறகு எல்லாருக்கும் புரியட்டும் என்று மலாயிலும் சொன்னாள்.

ராதாகிருஷ்ணன் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு சிரித்தார். "அப்ப ஆறு வருஷமா டூப்பக் காட்டித்தான் எங்களுக்கெல்லாம் பாடம் நடத்துனீங்களாக்கா?"

சிலர் சேர்ந்து சிரித்தார்கள். புஷ்பவல்லி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"ஆமாண்ணே. ஆறு வருஷம் கண்ணாடிக்கு மேல பாத்தேன். நேத்து கண்ணாடிய எடுத்துட்டுப் பாத்தேன். நீங்களும் பாருங்க, வாங்க. சிரிச்சவங்க எல்லாரும் வாங்க."

அவள் இரண்டு படங்களையும் சட்டத்திலிருந்து கழற்றி, தாள்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். ஒன்றில் கறுப்பு எழும்பி மின்னியது, மற்றதில் படுத்துக் கிடந்தது. பூதக்கண்ணாடியை முதலில் செட்டியாரிடம் கொடுத்தாள். அவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு பாங்கிக்கார வெள்ளைக்காரர் ஒருவர் பார்த்தார். கடைசியில் என்ஜினியரே வந்தார். தன் படத்தைப் பார்க்கவில்லை. அவளுடையதைத்தான் பார்த்தார். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்து, "பெத்துல்" என்றார். சரிதான் என்று ஒரே சொல். உள்ளே கதவருகே நின்ற மெம் வராந்தாவுக்கு வந்து பழைய பெட்டி மேலேயே உட்கார்ந்தார். இந்தத் தடவை கையைக் கட்டிக்கொள்ளவில்லை.

"என்ன பெறும்?" என்று செட்டியார் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தொண்ணூறு வரைக்கும் கண்ண மூடிக்கிட்டுப் போங்க. அதுக்கு மேல ஒங்க ஆச."

செட்டியாருக்கு ஆசை நூற்றுப் பன்னிரண்டு வரை போயிற்று. பாங்கிக்காரர் நூற்றுப் பத்தில் நின்றுவிட்டார். மற்ற எட்டும் நல்ல விலைக்கே போயின. தேய்ந்த இரண்டையும் தேய்ந்தவை என்று அவளே உரக்கச் சொன்னாள். அதனாலேயே மற்ற ஆறுக்கும் போட்டி கூடியது. ராதாகிருஷ்ணன் கடிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

மோட்டாரில் ஏறும்போது செட்டியார் கேட்டார். "ஏத்தா, இது பொய்யி, ஒன்னோடதுதான் மெய்யின்னு நீ சொல்லியிருந்தா, நான் ஒன்னோடத நூத்தம்பதுக்கு வாங்கியிருப்பனே. எனக்கென்ன தெரியும்?"

"அதத்தாங்க நேத்து வீட்டுக்காரரும் கணக்குப் போட்டாரு" என்றாள். முன்னால் உட்கார்ந்திருந்த வேலாயுதம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்.

நம்பிக்கை போய்விடும் என்று பயந்தது நடக்கவில்லை. அடுத்த மாதமே ஏலக்காரர் ஆள் அனுப்பினார். அவர் கைக்கு வருகிற படம் எதுவானாலும் ஏலப் பட்டியல் அச்சுக்குப் போகுமுன் அவள் பார்த்துச் சொல்லவேண்டும். பாங்கிக்காரர் தன் வீட்டுப் படங்களைக் கொண்டுவந்து இறக்கினார். கிள்ளானை அடுத்த மேருப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு மானேஜர் வந்தார். ஒரு படத்துக்கு ஒரு வெள்ளி, திறந்துதான் பார்ப்பேன், திறக்கக் கூடாது என்றால் எடுத்துக்கொண்டு போகலாம் என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். பெண்பிள்ளை விலை சொல்வதா என்று முகம் சுளித்த ஒருவரும் இரண்டாம் தடவை வந்தார். தன் பொய்யைத் தானே சபையில் வைத்தவள் என்ற பேச்சு கிள்ளான்வரை போயிருந்தது.

அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதானோ என்னவோ, இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் ராதாகிருஷ்ணன் கடைக்கு வந்தார். குடையை மடக்கி வாசலில் சாத்தினார். முக்காலியில் உட்கார்ந்து நலம் விசாரித்தார். புஷ்பவல்லி அப்போதுதான் காலைப் பசியாறிக்கொண்டிருந்தாள். ஒரு கோப்பைக் கோப்பி, ரொட்டிக்காரனிடம் வாங்கிய ஒரு முழு ரொட்டி.

"அந்த டூப்பு எங்கக்கா?"

சுவரோடு சாத்தி வைத்திருந்ததைக் கையால் காட்டினாள். அவர் எடுத்துப் பார்த்து மெல்லத் தலையாட்டினார்.

"எனக்குக் குடுங்க. அறுபது வெள்ளி தரேன், கையில."

"பொய்னு தெரிஞ்சேவா?"

"நமக்குத்தானே தெரியும்? ஈப்போவுல ஒரு சீனத் தவுக்கே இருக்காரு, பெரிய மொதலாளி, புதுப் பணம். நம்பர் இருக்கு, கையெழுத்து இருக்கு. அது போதும் அவருக்கு. கண்ணாடி வச்சா பாக்கப்போறாரு? நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்லா. நான் வாங்கிட்டேன், நான் வித்தேன். ஒங்க முப்பத்தெட்டும் வந்துரும், மேலயும் வந்துரும்."

அவர் ஆறு பத்து வெள்ளி நோட்டுகளை எடுத்து மேசையில் பரப்பினார். புஷ்பவல்லி நோட்டுகளைப் பார்த்தாள். நாலு மாத வாடகை. கோப்பியில் கடைசி மிடறைக் குடித்துக் கோப்பையை ஓரமாக வைத்தாள். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றித் தாளை மேசைமேல் விரித்தாள். ராதாகிருஷ்ணன் முகம் மலர்ந்தது. சட்டம் இல்லாமல் தருகிறாள், கொண்டுபோக லேசு என்று நினைத்திருப்பார்.

அவள் ரொட்டியை நடுவில் பிட்டு, உள்ளேயிருந்த மெத்தென்ற வெள்ளையைக் கிள்ளி எடுத்து, விரல்களுக்கு நடுவே உருட்டினாள். தாளில் அழுக்கு எடுக்கச் சட்டக்காரர்கள் செய்வதுதான். ரப்பர் சுரண்டும், ரொட்டி சுரண்டாது. அந்த உருண்டையைத் தாளின் அடியோரத்தில் வைத்து, இடது கையால் தாளை அழுத்திக்கொண்டு, மெல்ல மெல்லத் தேய்த்தாள். முதலில் ஐம்பது போயிற்று. பிறகு பதினேழு. உருண்டை கறுத்ததும் எறிந்துவிட்டு இன்னொன்று கிள்ளினாள்.

"அக்கா! அக்கா, என்ன பண்றீங்க?" என்று ராதாகிருஷ்ணன் பாதி எழுந்துவிட்டார்.

அவள் நிமிரவில்லை. வலது மூலையில் தேள்வால் கையெழுத்தின் வாலிலிருந்து தொடங்கித் தலைவரைக்கும் தேய்த்துக்கொண்டே போனாள். தாள் வெறும் வெள்ளையானது. கறுத்த ரொட்டித் துகள்களை ஊதித் தள்ளினாள். பிறகு தாளை இரண்டு கையாலும் தூக்கி, நோட்டுகளுக்குப் பக்கத்தில், அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இப்ப வெல சொல்லுங்கண்ணே."